சிறு விமானச் சுற்றுலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானிலிருந்து ஊர் பார்க்கும் திட்டத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறும் அதுவே. பெரிய விமானங்களில் போய்ப் பழகியவர்களுக்கு இதுவும் ஒரு டிக்கெட், ஓர் இருக்கை, ஒரு நேரம் என்றே தோன்றும். ஆனால், இந்தச் சிறு விமானங்களைப் பெரும்பாலும் விமானி கண்ணால் வெளியே பார்த்துத்தான் ஓட்டுகிறார். மேகம் தாழ்ந்துவிட்டால் பயணம் நடக்காது, நடக்கவும் கூடாது.

பார்க்கத் தகுந்த இடங்களில் பல மோசமான வானிலைக்கும் பேர்போனவை. நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடல் நுழைவாயில் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,800 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அலாஸ்காவின் 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலி சிகரம், நாள் கணக்கில் மேகத்துக்குள் மறைந்து கிடக்கும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளுக்கே பதிவு செய்துவிட்டால், அன்று ரத்தானாலும் மறுநாள் இருக்கிறது, அதற்கு அடுத்த நாளும் இருக்கிறது. கடைசி நாளை நம்பியவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அதைவிட மோசம், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எப்படியாவது போய்வரலாமே' என்று விமானியை நெருக்குவது.

இந்த நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2015 ஜூன் 25 அன்று அலாஸ்காவின் கெச்சிகன் அருகே நடந்த விபத்தைச் சொல்லலாம். சொகுசுக் கப்பலில் வந்த 8 பயணிகளோடு மிஸ்டி ஃபியோர்ட்ஸ் பகுதியைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய, நீரில் இறங்கி ஏறக்கூடிய ஆட்டர் ரக மிதவை விமானம் மலைச்சரிவில் மோதியது. விமானி உட்பட ஒருவரும் பிழைக்கவில்லை. மோசமான வானிலைக்குள் விமானி தொடர்ந்து பறந்ததும், அப்படிப் பறப்பதை வாய்திறந்து சொல்லாமலேயே ஏற்றுக்கொண்ட நிறுவனச் சூழலும், தொழில் போட்டி தந்த அழுத்தமும் சேர்ந்தே இந்த முடிவுக்கு வழிவகுத்தன என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியாக வேண்டும் என்ற நிலையில் உள்ள சுற்றுலாக்களில் இந்த அழுத்தம் இன்னும் கூடும். ஆகவே கப்பல் பயணத்தின் நடுவே இத்தகைய சுற்றைச் சேர்ப்பதாக இருந்தால், துறைமுகத்தில் நீண்ட நேரம் நிற்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு செய்யும் முன் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல. 'வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?' என்று கேளுங்கள். தயங்காமல் 'கிடைக்கும்' என்கிற நிறுவனத்தில், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் விமானிக்கு ஓரளவாவது இருக்கும். பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். செலவைப் பகிர்ந்துகொண்டு தொழிலாக அல்லாமல் சொந்தமாகப் பறக்க மட்டும் உரிமம் பெற்ற விமானியோடு பறப்பதை ஐரோப்பா போன்ற இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது. அது தவறல்ல. ஆனால், வணிக நிறுவனத்துக்கு உள்ள கண்காணிப்பு அங்கே இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். பயணக் காப்பீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், வழக்கமான விமானச் சேவை அல்லாத பயணங்களைச் சில திட்டங்கள் ஏற்பதில்லை.

அடுத்தது பருவம். இதில் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ வடிநிலத்தை நீர் ததும்பப் பார்க்க விரும்புகிறவர் அங்கே மழை பெய்யும் மாதங்களில் போவது இயல்பாகத் தோன்றும். ஆனால், அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை ஆற்றில் மெல்ல நகர்ந்து வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகிறது. வெள்ளம் உச்சத்தை எட்டுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது அங்கே ஒரு துளி மழையும் இல்லாத வறண்ட காலத்தில்! விக்டோரியா அருவியில் ஏப்ரல் வாக்கில் நீர் பெருகும். அப்போது எதிரே தரையில் நின்றால் சாரல் கண்ணை மறைத்துவிடும், 1.7 கிலோமீட்டர் அகலத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க வானம்தான் வழி. அக்டோபர், நவம்பரில் போனால் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறை. வெனிசுவேலாவின் 979 மீட்டர் உயர ஏஞ்சல் அருவி வறண்ட காலத்தில் இழையாக மெலிந்துவிடும், மழைக்காலத்திலோ நீர் நிறைந்திருந்தாலும் மேகம் மூடிக்கொள்ளும். இரண்டில் எந்த ஏமாற்றத்துக்குத் தயார் என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

எந்த மாதமானாலும் காலை நேரமே சிறந்தது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று மேலெழும்பும், சிறு விமானம் அதில் குலுங்கும். வயிற்றைப் பற்றிய தவறுகளும் இங்கேதான் வருகின்றன. பெருவின் பாலைநிலத்தில் வரையப்பட்ட மாபெரும் உருவங்களான நாஸ்கா கோடுகளைக் காட்டும் அரை மணி நேரச் சுற்றில், இரு பக்கத்துப் பயணிகளுக்கும் உருவங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக விமானி ஒவ்வோர் உருவத்தின் மேலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சாய்த்து வட்டமிடுவார். தலைசுற்றல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, முட்ட உண்பதும் ஆகாது. உருவத்தைத் தேடிக் கேமராத் திரையையே உற்றுப் பார்ப்பவர்களுக்குத்தான் முதலில் குமட்டும், நடுநடுவே தொடுவானத்தைப் பாருங்கள். இரு பக்கமும் காட்டுவார்கள் என்பதால் அங்கே ஜன்னலுக்காகச் சண்டையிடவும் தேவையில்லை.

எடையைக் குறைத்துச் சொல்வதை வெட்கத்தின் பெயரால் மன்னிக்க முடியாது. செஸ்னா 172எஸ் ரகத்தில் நான்கு இருக்கைகள் உண்டு, ஆனால் புறப்படும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. எரிபொருளை முழுவதும் நிரப்பினால் நல்ல உடல்வாகுள்ள நான்கு பெரியவர்களை அதில் ஏற்ற முடியாது. யார் முன்னால், யார் பின்னால் என்பதும் சமநிலைக் கணக்கு. வெப்பமான நாளில், உயரமான ஓடுபாதையில் காற்று மெலிந்திருப்பதால் இந்த வரம்பும் சுருங்கும். கைப்பையைச் சேர்த்து உண்மையான எடையைச் சொல்லுங்கள், உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள்.

பவளத்திட்டுகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஸ்கூபா முக்குளிப்பை முடித்த கையோடு விமானம் ஏறுவது உயிரோடு விளையாடுவது. மேலே போகும்போது அழுத்தம் குறைய, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போருக்கான பொதுவான பரிந்துரை. முதலில் வானம், பிறகு கடல் என்று வரிசையை மாற்றினால் கவலையே இல்லை.

படம் எடுப்பதில் இரண்டே குறிப்புகள்: கேமராவைக் கண்ணாடியில் சாய்த்தால் விமானத்தின் அதிர்வு படத்திலும் வரும், வெளிர்நிற உடை கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும்.

'இன்னும் கொஞ்சம் தாழ்வாகப் போகலாமா?' என்று கேட்பதும் வேண்டாம். 1986இல் கிராண்ட் கேன்யன் மேல் ஒரு சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்த பிறகுதான், அங்கே பறக்கும் பாதைக்கும் உயரத்துக்கும் கடுமையான விதிகள் வந்தன.

மிதவை விமானத்தில் ஏறுகிறவர்கள் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட்டை விமானத்துக்குள் இருக்கும்போது ஊதக் கூடாது. உள்ளே நீர் புகுந்தால் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்டிவிடும், கதவுக்குக் குனிந்து போக முடியாது. வெளியே வந்த பின்பே கயிற்றை இழுக்க வேண்டும். 2018 மார்ச்சில் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் விழுந்த சுற்றுலா ஹெலிகாப்டரின் 5 பயணிகளும், உடம்பைப் பிணைத்திருந்த பட்டைகளைக் கழற்ற முடியாமல் மூழ்கி இறந்தார்கள். விமானி மட்டும் தப்பினார். ஆகவே பெல்ட்டை மாட்டியதும் ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள், கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேளுங்கள். இவற்றை விளக்காமல் இயந்திரத்தை இயக்கத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள்.