பேட்டரி நிறைந்த பிறகு வீணாகும் வெயிலில் வெந்நீர் போடுவது எப்படி?

கோத்தகிரியில் ஜனவரி மாதம். மதியம் பன்னிரண்டரை மணி, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு இருக்கின்றன. ஆனால் இன்வெர்ட்டர் திரையில் பேனல் உற்பத்தி 310 வாட் என்று நின்றது. பேனல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மாடி ஏறி ஈரத்துணியால் துடைத்தேன். கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறங்கி வந்து திரை முன்னால் நின்றபோது, மனைவி துணி தேய்க்க இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். 310 என்ற எண் சட்டென்று 1,290 ஆனது. பெட்டி சூடாகித் தானாக அணைந்ததும் மறுபடி 310.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. பேட்டரி பதினொரு மணிக்கே நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு வீட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் இன்வெர்ட்டர் பேனலிடமிருந்து வாங்குகிறது. மீதி வெயில் மின்சாரமாகவே மாறுவதில்லை. அதே வீட்டில் அப்பா சாயங்காலம் குளிக்க ஈ.பி. கரன்டில் கீசர் ஓடிக்கொண்டிருந்தது. அது மனதை உறுத்தியது. இரண்டு மாதம் முட்டி மோதி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன்.

இது பேட்டரியோடு கூடிய ஆஃப்-கிரிட் அல்லது ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. நெட் மீட்டர் வைத்து ஈ.பி.க்கு மின்சாரம் அனுப்புகிறவர்களுக்கு இது தேவையில்லை. உங்கள் மிச்சம் ஏற்கெனவே கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. புதிதாகப் பணம் போட்டு வெந்நீருக்கு ஏற்பாடு செய்யப் போகிறவர்களும் முதலில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். வெந்நீர் மட்டும்தான் வேண்டுமென்றால் அதுவே மலிவு. மாடியில் பேனல் ஏற்கெனவே இருந்து, மதியம் சும்மா கிடக்கிறதென்றால் மேலே படியுங்கள்.

படி 1: மிச்சம் நிஜமாகவே இருக்கிறதா?

1,500 வாட் மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். 11 மணிக்கும், 12 மணிக்கும், 1 மணிக்கும், 2 மணிக்கும் அதைப் போட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும் பேனல் வாட் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். கூடவே பேட்டரி டிஸ்சார்ஜ் ஆம்பியரையும் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்தால் கெட்டில் முழுக்க வெயிலில் ஓடுகிறது என்று பொருள். 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று காட்டினால், அந்த அளவு பேட்டரியிலிருந்து போகிறது, அது மிச்சமில்லை. மூன்று நாளாவது எழுதிப் பாருங்கள். ஒரு நாள் கணக்கை நம்பி சாமான் வாங்க வேண்டாம்.

பேனலில் எழுதியிருக்கும் வாட், செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் சுமார் 0.35 முதல் 0.4 பங்கு குறையும். சமவெளியில் சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், அதிலேயே நூற்றுக்குப் பதினான்கு பதினைந்து போய்விடும். எங்கள் ஊரில் குளிர்காற்று இருப்பதால், தெளிந்த ஜனவரி மதியம்தான் பேனலுக்கு நல்ல காலம். வெந்நீர் தேவையும் அப்போதுதான் அதிகம்.

படி 2: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு யூனிட்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். எங்கள் தொட்டித் தண்ணீர் ஜனவரியில் 16 டிகிரி. கீசர் 50 லிட்டர். 60 டிகிரிக்குக் கொண்டுபோக 50 × 44 × 1.163, அதாவது சுமார் 2.56 யூனிட். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 90 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். 15 லிட்டர் வாளியில் ஆறு வாளி. எங்கள் வீட்டுக்கு அது போதும்.

படி 3: 2 கிலோவாட் எலிமென்டை மாற்றுங்கள்

கீசரோடு வரும் 2,000 வாட் எலிமென்ட் இந்த வேலைக்குப் பெரியது. மேகம் ஒன்று கடந்தால் அந்தச் சுமை முழுவதும் பேட்டரி மேல் விழும். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். என்னிடம் இருப்பது 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரிகள் நான்கு. பத்து மணி நேரக் கணக்கில் அவற்றுக்கு வசதியான இழுப்பு 15 ஆம்பியர்தான். அதனால் அதே ஃபிளேஞ்சில் (எலிமென்டைப் பிடித்திருக்கும் தட்டில்) பொருந்தும் 1,000 வாட் எலிமென்டை கோயம்புத்தூரில் தேடி வாங்கிப் போட்டேன். தண்ணீர் சூடாக இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகட்டும், மதியம் யாருக்கும் அவசரமில்லை. மாற்றும்போது கீசர் தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள், கரைந்திருந்தால் புதிது போடுங்கள்.

கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைத் தொடரில் போட்டால் வாட் பாதியாகும் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். அரை அலையை மட்டும் இழுக்கும் சுமை இன்வெர்ட்டருக்கு ஆகாது.

படி 4: டிரை கான்டாக்ட். நான் சறுக்கிய இடம்

இன்வெர்ட்டரின் அடியில் சி, என்.சி., என்.ஓ. என்று மூன்று துளை உள்ள சின்ன டெர்மினல் இருக்கிறதா பாருங்கள். அதுதான் டிரை கான்டாக்ட். சி என்பது பொது முனை, என்.சி. சாதாரணமாக மூடியிருக்கும் முனை, என்.ஓ. சாதாரணமாகத் திறந்திருக்கும் முனை. மூடினால் கரன்ட் போகும், திறந்தால் நிற்கும். பேட்டரி நிலையைப் பார்த்துத் தானாக மாறும் ஸ்விட்ச் அது. தனியாக வோல்டேஜ் ரிலே வாங்க வேண்டிய அவசியமில்லை.

‘நிறைந்ததும் ஆன் ஆகும்’ என்று நினைத்து, நான் சி-க்கும் என்.ஓ.-வுக்கும் இடையே இணைத்தேன். பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கான்டாக்டர் (சின்ன கரன்டால் இயங்கி, பெரிய சுமையைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) பழுது என்று நினைத்து வேறு வாங்கி மாட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. அன்று ராத்திரி காற்று மழை, கரன்ட் போனது. இரண்டு மணி வாக்கில் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்த எழுந்து ஓடினேன். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கீசர் எரிந்துகொண்டிருந்தது! அப்போது உள்ளே பழைய 2,000 வாட் எலிமென்ட். நான் ஸ்விட்சைத் தொடுவதற்குள் வீடு இருண்டுவிட்டது.

காரணம் எளிது. இந்தத் தொடர்பை வைத்ததே ஜெனரேட்டரைக் கிளப்பத்தான். பேட்டரி குறைந்தால் என்.ஓ. மூடும். நமக்கு வேண்டியது நேர் எதிர். பேட்டரி நிறைந்து ஃபுளோட் நிலைக்கு வரும்போது மூடுவது என்.சி. பக்கம். உங்கள் மாடலில் எப்படி என்பதை மேனுவலில் உள்ள அட்டவணையில் பாருங்கள். பார்த்த பிறகும் மல்டிமீட்டரால் சோதியுங்கள். மதியம் ஃபுளோட் வந்ததும் சி-க்கும் என்.சி.-க்கும் இடையே மீட்டர் ஒலிக்க வேண்டும். கம்பி எதுவும் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் இரண்டாவது சிக்கல். ஒருமுறை மூடிய என்.சி., பேட்டரி கீழ் எல்லையைத் தொடும்வரை மூடியே இருக்கும். சூரியன் இறங்கியது அதற்குத் தெரியாது. என்னுடையதில், வீடு ஈ.பி.யில் ஓடும்போதும் அது மூடியே இருக்கிறது. ஆகவே டைமர் கட்டாயம். என் டைமர் 10.45 முதல் 2.30 வரை. அதற்குப் பிறகு வரும் வெயில் பேட்டரிக்கு. மேகத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஏறிவிடும்.

படி 5: இணைப்பு

இன்வெர்ட்டர் அவுட்புட்டிலிருந்து ஒரு கம்பி டைமருக்கு, அங்கிருந்து டிரை கான்டாக்டுக்கு, அங்கிருந்து கான்டாக்டரை இயக்கும் காயிலுக்கு. கீசரின் சுமை கான்டாக்டர் வழியாக மட்டுமே போக வேண்டும். டிரை கான்டாக்ட் தாங்குவது என் இன்வெர்ட்டரில் 3 ஆம்பியர், கீசரை நேராக அதில் மாட்டினால் கருகிவிடும். 25 ஆம்பியர் இரட்டை போல் கான்டாக்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, சுமை மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. குளியலறைச் சமாச்சாரம் என்பதால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இதில் மட்டும் செலவைக் குறைக்க வேண்டாம்.

டைமர் என்றால் டின் ரெயிலில் (மின்பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில்) மாட்டும், உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் என் தேர்வு. வைஃபை ஸ்மார்ட் பிளக் எனக்குப் பிடிக்கவில்லை. மலையில் இன்டர்நெட் போகும் நாளில்தான் அது தேவைப்படும். கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டி.சி.யும் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏ.சி. மட்டும் அளப்பது பேட்டரிப் பக்கம் உதவாது.

படி 6: எல்லைகள்

என் இன்வெர்ட்டரில் 12ஆம் எண் அமைப்பு கீழ் எல்லை. 46 வோல்டில் இருந்ததை 49 ஆக்கினேன். இதே எண்தான் வீடு எப்போது ஈ.பி.க்கு மாற வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. 51 வைத்துப் பார்த்தேன். ராத்திரி எட்டு மணிக்கே ஈ.பி.க்குப் போய்விட்டது. 49 சரியாக இருக்கிறது. மேல் எல்லையான 13ஆம் எண்ணில் வோல்டேஜ் வைக்காமல் ‘ஃபுல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 54 என்று வைத்தால், பேட்டரி இன்னும் பூஸ்டில் (நிறைவதற்கு முந்தைய வேக சார்ஜில்) ஏறிக்கொண்டிருக்கும்போதே கீசர் பங்கு கேட்கும். பேட்டரி வயிறு நிறையட்டும், மீந்தது வெந்நீருக்கு.

குறித்த சூடு வந்ததும் கீசரை அணைக்கும் தெர்மோஸ்டாட் 60-இல். அதை எந்தக் காரணத்துக்காகவும் பைபாஸ் செய்யக் கூடாது. சூடான குழாய்க்கு நுரை உறை போட்டிருக்கிறேன். மதியம் 60-இல் நின்ற தண்ணீர் மறுநாள் காலை ஐந்தரைக்கு 51 டிகிரி இருந்தது. அப்பாவுக்கு அதிலும் பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டியிருக்கிறது.

பிறகு சேர்த்தவை

லித்தியம் பேட்டரி வைத்திருக்கும் ஒருவர், வோல்டேஜை வைத்து ஒன்றுமே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 30 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் மிகச் சொற்பம். பேட்டரியின் பி.எம்.எஸ்.-ஐ (பேட்டரியைக் கண்காணிக்கும் உள் சர்க்யூட்டை) இன்வெர்ட்டரோடு கேபிளில் இணைத்து, சதவீதக் கணக்கில் எல்லை வையுங்கள்.

பேனலின் டி.சி.யை நேரடியாகவே கீசருக்குக் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஏ.சி. கரன்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், தெர்மோஸ்டாட் பிரியும்போது வரும் தீப்பொறி தானாக அணைகிறது. டி.சி.யில் அணையாது. முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், கீசர் அணையாமல் கொதித்துக்கொண்டே போகும்.

நவம்பர் பற்றியும் கேட்டிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் இங்கே சேர்ந்தாற்போல் நான்கைந்து நாள் பேட்டரியே நிறையாது. அப்போது வெயிலில் வெந்நீர் போட முடியாது. அந்த நாட்களுக்காக கீசருக்குப் பக்கத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். மேலே தள்ளினால் வெயில், கீழே தள்ளினால் ஈ.பி. பக்கத்தில் அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் ‘மழை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது.