கணினியை மாற்றும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரின் கணினியில் 16 ஜிபி ரேம் (ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) இருந்தது, என்னுடையதில் 8. அவருடையது பொத்தானை அழுத்தியதும் தயாராகிவிடும். என்னுடையது விழித்து எழுவதற்குள் நான் செய்தித்தாளில் பாதியைப் புரட்டியிருப்பேன். ஆகவே இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பொருத்தினேன். ஒரு நொடிகூடக் குறையவில்லை. அவரிடம் இருந்தது சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி, என்னிடம் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒப்பிட்டதில் தவறில்லை, எதை ஒப்பிட்டேன் என்பதில்தான் கோளாறு. கணினியை எது மெதுவாக்குகிறது, எதை மாற்றுவது என்று கண்டுபிடிக்க அதன் பிறகு நான் பின்பற்றும் முறையை, விண்டோஸ் கணினியை வைத்து, இங்கே எழுதுகிறேன்.

படி 1: காத்திருப்பை அளந்து எழுதுங்கள்

நீங்கள் தினமும் செய்யும் வேலைகளில் எரிச்சலூட்டும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். கணினி தொடங்குவது, பெரிய எக்செல் கோப்பைத் திறப்பது, வீடியோவை ஏற்றுமதி செய்வது, எதுவாகவும் இருக்கலாம். கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை இரண்டாம் முறை திறந்தால் வேகமாகத் திறக்கும், ஏனென்றால் முதல் முறை படித்த தகவல் ரேமிலேயே தங்கியிருக்கும். அந்த நேரத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் முன் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டு நிமிடம் விட்டுத் தொடங்குங்கள்.

படி 2: எது தடுக்கிறது என்று பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போங்கள். இப்போது அந்த மூன்று வேலைகளில் ஒன்றைத் தொடங்கிவிட்டு வரைபடங்களைக் கவனியுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில், டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை என்று காட்டலாம். முரண்பாடாகத் தோன்றும், ஆனால் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை இடம் மாறுவதற்கு இன்னும் எட்டு ஒன்பது மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 80 தடவைக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு துண்டு 4 கேபி என்றால் மொத்தம் 320 கேபிதான். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை என்பதால் இந்தக் காத்திருப்பும் இல்லை.

மெமரியில் 90 சதவீதம் என்று காட்டினாலே ரேம் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.  நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் உறுதியளித்த மொத்த நினைவகத்தைக் காட்டும் கமிட்டெட் என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் ரேமின் அளவை அது நன்றாகத் தாண்டியிருந்து, நிரல்களுக்கிடையே மாறும்போதெல்லாம் டிஸ்க்கும் துடித்தால், ரேம் உண்மையிலேயே போதவில்லை. நான் கூடுதல் ரேம் வாங்கிய அந்த நாளில் என் கணினியில் அந்த எண் 5 ஜிபியைத் தொட்டதில்லை. பார்க்கத்தான் தெரியவில்லை.

செயலியில் 13 சதவீதம்தான் என்று காட்டுகிறது, ஆனாலும் வேலை நகரவில்லையா? எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள செயலியில் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் வரும். வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நிரலுக்கு அதிகக் கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட செயலி உதவாது. ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடும் செயலிதான் வேண்டும்.

செயலியின் வேகம் நேரம் போகப்போகச் சரிந்தால், எதையும் வாங்கும் முன் மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைத்துப் பாருங்கள்.

படி 3: இப்போது ஒப்பிடுங்கள்

பெயரை வைத்து ஒப்பிட வேண்டாம். 2017இல் வந்த கோர் ஐ7 7700கே, 2022இல் வந்த கோர் ஐ3 12100 இரண்டிலும் 4 கோர், 8 திரெட். அடிப்படை வேகம் பழையதில் 4.2 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 3.3. ஆனாலும் பெரும்பாலான சோதனைகளில் புதிய ஐ3தான் முந்துகிறது. மடிக்கணினிகளில் இன்னும் குழப்பம்: ஐ7 7500யு என்பதில் இரண்டே கோர்கள், மேசைக்கணினியின் ஐ5 7500இல் நான்கு.

ஆகவே செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் போன்ற ஒரே சோதனையை இரண்டு கணினியிலும் ஓட்டிப் பாருங்கள். அதைவிட நல்லது, உங்கள் சொந்தக் கோப்பை நண்பரின் கணினியில் திறந்து, அதே ஸ்டாப்வாட்சைப் பிடிப்பது.

படி 4: கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

ஒரு கோப்பு திறக்க 100 நொடி ஆகிறது, அதில் 80 நொடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பு, 20 நொடி செயலியின் வேலை என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு வேகமான செயலி போட்டால் 90 நொடி. பத்து மடங்கு வேகமான டிஸ்க் போட்டால் 28 நொடி. எதை வாங்குவது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் பொருந்துமா என்று பாருங்கள். மேசைக்கணினிக்கான டிடிஆர்4, டிடிஆர்5 ரேம் வகைகள் இரண்டிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தாலும், அது மெதுவான சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்று மதர்போர்டின் கையேட்டில் பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் பவர் சப்ளையின் வாட் அளவு போதுமா என்றும் பார்க்க வேண்டும்.

முழுக் கணினியையும் எப்போது மாற்றலாம்? தடுப்பது செயலி, அதை மாற்ற மதர்போர்டும் ரேமும் சேர்ந்து மாற வேண்டும் என்ற நிலை வந்தால் பாகம் பாகமாக ஒட்டுப்போடுவதை நான் விட்டுவிடுவேன். இன்னொரு காரணம் பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. இருந்தாலும் உலாவியும் எழுத்து வேலையும் மட்டும் போதுமென்றால், அதே பெட்டியில் லினக்ஸ் நிறுவிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: பொருத்திய பின் மறுபடி அளந்து பாருங்கள்

அதே மூன்று வேலைகள், அதே ரீஸ்டார்ட், அதே ஸ்டாப்வாட்ச். ரேம் வாங்கியிருந்தால் டாஸ்க் மேனேஜரில் அதன் வேகத்தையும் பாருங்கள். அட்டையில் 3200 என்று இருக்க, திரையில் 2133 அல்லது 2400 என்று காட்டினால் கடைக்கு ஓட வேண்டாம். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாசுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள்.