குவெட் விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

குவெட் என்பது, ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவிக்குள் (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்) வைக்கும் சின்னச் சதுரக் குப்பி. குவெட்டைக் கீழே போடாதே, சொரசொரப்பான பக்கத்தைப் பிடி என்பதெல்லாம் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் செய்து பட்டது, இப்போது என் மாணவர்களும் செய்வது, இவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஜீரோ வந்துவிட்டால் சரி என்று நம்புவது

டிஎன்ஏ அளக்க 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். அங்கே கண்ணாடி ஒளியை விடாது. சுமார் 340-க்கு மேல்தான் அதை நம்பலாம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். குவார்ட்ஸ்தான் வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் டப்பாவில் கண்ணாடியும் குவார்ட்ஸும் கலந்து கிடக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கைக்கு வந்ததில் பஃபர் (சாம்பிள் கலக்காத வெறும் கரைசல்) ஊற்றி ப்ளாங்க் வைத்தால், அதாவது இதையே ஜீரோவாக வைத்துக்கொள் என்று கருவிக்குச் சொன்னால், கருவி மறுபேச்சில்லாமல் 0.000 காட்டிவிடும். கண்ணாடி விழுங்கிய ஒளியையும் சேர்த்தே அது ஜீரோ ஆக்கிவிடுகிறது. மிச்சம் வெளிச்சமே இல்லை. அப்புறம் வருகிற எண்ணுக்கு அர்த்தமும் இல்லை.

நான் படிக்கும்போது ஒரே சாம்பிளுக்கு மூன்று தடவை மூன்று எண் வந்தது. பிரித்தெடுத்ததில்தான் கோளாறு என்று நினைத்து, நல்ல டிஎன்ஏவைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வாரமும் ஒரு கிட்டும் போயின. கடைசியில் சீனியர் அக்கா ஒருவர் குவெட்டை வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பில் பொறித்திருந்த ‘ஜி’யைக் காட்டினார். குவார்ட்ஸில் பெரும்பாலும் ‘க்யூ’ இருக்கும். போன வாரம் ஒரு மாணவி இதே போல் சாம்பிளைக் கொட்டப் போனாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுத்து அழிந்திருந்தால், குவெட் வைக்காமலே 260-ல் ஜீரோ செய்யுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி உள்ளே வையுங்கள். சுத்தமான குவார்ட்ஸ் 0.1-ஐத் தாண்டாது. கண்ணாடி என்றால் எண் எகிறும்.

ஐஸிலிருந்து எடுத்த கையோடு வைப்பது

சென்னைக் காற்றில் குளிர்ந்த குவெட் நொடியில் வியர்த்துவிடும். ஏசி நின்றுபோன அறையில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரப்படலம் ஒளியைச் சிதறடித்து எண்ணை ஏற்றிவிடும். அறைவெப்பத்துக்கு வரட்டும், லென்ஸ் டிஷ்யூவால் ஒற்றிவிட்டு வையுங்கள்.

பிராட்ஃபோர்டுக்குக் குவார்ட்ஸ்

பிராட்ஃபோர்டு என்பது புரோட்டீனைச் சாயம் கலந்து அளக்கும் முறை. அந்த நீலச் சாயம் குவார்ட்ஸில் ஒட்டிக்கொள்ளும். அதை அளக்கும் 595 நானோமீட்டருக்குப் பிளாஸ்டிக்கே போதும்.

பாலிஸ்டைரீனில் அசிட்டோன்

கரைந்துவிடும்.

பிரஷ்

குவெட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவே கூடாது.

நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று விடுவது

புரோட்டீன் காய்ந்து ஒட்டினால் லேசில் வராது. முடித்ததும் அலசுங்கள். கடைசி அலசல் போர் தண்ணீரில் வேண்டாம், உப்புத் திட்டு படியும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, குவார்ட்ஸ் என்றால் கொஞ்சம் எத்தனாலும் விட்டு, டிஷ்யூ மேல் கவிழ்த்து வையுங்கள்.