ஸ்டியரிங்கைச் சுற்றியே செலவு செய்யாதீர்கள்: ரோடு இழுக்கும் வேகக் கார்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

"நான் ஒரு பக்கம் போறேனுங்க, வண்டி ஒரு பக்கம் போகுதுங்க."

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தவர், இறங்கியதும் சொன்னது இது. அதற்குள் இரண்டு இடங்களில் மூன்று முறை அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை மெஷினில் அளந்து சரிசெய்வது) பார்த்திருந்தார். கையில் மூன்று தாள்கள் இருந்தன. மூன்றிலும் எல்லாக் கட்டமும் பச்சை. ஆனால் மறுபடி தார் போடுவதற்காகச் சுரண்டிப் போட்ட ரோட்டில் அன்று காலை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோதே, அடுத்த தடத்துக்குள் கார் தானாக நுழையப் பார்த்ததாம்.

கோவையில் வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலைதான் என் தொழில். இந்தப் புகாரோடு வரும் வேகக் கார்களில் ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) கெட்டிருந்ததை மிக அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு டயரும் ரோடும் சேரும் இடத்தில் இருக்கும், இல்லையென்றால் பின்சக்கரத்தில் இருக்கும். ஆட்டம் கையில் தெரிவதால் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மஸ்டாங் 2016இல் இந்தியாவுக்கு வந்தது. 5.0 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன். முன் டயர் 255/40 ஆர்19, பின் டயர் 275/40 ஆர்19. அதாவது முன் டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். ஸ்விஃப்டில் வரும் 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொண்டால் அகலம் 185தான், பக்கச்சுவர் 120. ஸ்விஃப்ட் டயர் ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது பக்கச்சுவர் நெளிந்து கொடுக்கும். மஸ்டாங் டயரின் பக்கச்சுவர் குட்டை, விறைப்பு. அது நெளியாது, வருகிற தள்ளலை அப்படியே மேலே அனுப்பிவிடும். அதோடு டயர் அகலமாக இருப்பதால், தரையைத் தொடும் பட்டையின் ஒரு ஓரம் மட்டும் மேட்டில் ஏறினாலும், அந்த விசை நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி விழுகிறது. நீளமான ஸ்பேனரில் போல்ட் சுலபமாகத் திரும்புவது மாதிரி, சக்கரமும் சுலபமாகத் திரும்பிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு டிராம்லைனிங் என்று பெயர். சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது. அந்தத் தண்டவாளப் பள்ளத்துக்குள் வண்டியின் சக்கரம் இறங்கினால் தடம் போகிற வழிக்குத்தான் வண்டியும் போகும். மாட்டு வண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மண் ரோட்டில் பழைய வண்டித்தடம் சக்கரத்தைப் பிடிக்கிற அதே பிடிதான். பாரவண்டிகள் அழுத்தி அழுத்தி உண்டாக்கிய இரண்டு நீளப் பள்ளங்கள், கான்கிரீட் ரோட்டில் நெடுக்காகக் கீறிய கோடுகள், இடிந்த தார் ஓரம், எல்லாமே அகல டயருக்குத் தண்டவாளம்தான்.

அதனால், இந்த மாதிரி காரில் ரோட்டின் இழுப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அளவுக்கு மீறிப் போனால்தான் வைத்தியம்.

எந்த நோய் என்று பார்க்காமல் மருந்து கொடுப்பது

இழுப்பு, நடுக்கம், அலைச்சல் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த ரோட்டிலும் எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. ஒரு டயரில் காற்று குறைவு, பிரேக் உரசல், டயரின் உள்கட்டமைப்பு என்று காரணம் வேறு. (நம் ஊர் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் லேசாக இடது பக்கம் போவது கோளாறே இல்லை.) குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பாலன்சிங்கைப் பாருங்கள். வழுவழுப்பான ரோட்டில் நேராகப் போய், மேடுபள்ளத்தில் மட்டும் அங்குமிங்கும் தாவினால்தான் நாம் பேசும் விஷயம்.

இன்னொரு வகையும் உண்டு. பின்சக்கரத்தில் பலம் வரும் கார்களில் அதுதான் ஆபத்தானது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் கார் நகர்கிறதா? அப்படியென்றால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் பின் சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் (இணைப்புக் கைகளின் முனையில் இருக்கும் ரப்பர் உருளை) தளர்ந்திருக்கும். 400 குதிரைத்திறன் தள்ளும்போது பின்சக்கரம் ஒரு சிறு கோணம் திரும்புகிறது, காலை எடுத்தால் திரும்பி வருகிறது. பின்னாலிருந்து யாரோ ஸ்டியரிங் பிடிப்பது மாதிரி இருக்கும். இதை முன்பக்க அலைன்மென்டில் தீர்க்கப் பார்த்து மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

ஆட்டத்தைப் பார்க்காமல் அலைன்மென்ட்

தளர்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு கோணம் அளப்பதில் அர்த்தமே இல்லை. நின்ற இடத்தில் ஒரு எண் வரும், ஓடும்போது வேறு எண் இருக்கும். அந்த மூன்று பச்சைத் தாள்களும் நின்ற இடத்து எண்கள்தான்.

சோதனை எளிது. ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். டயரைக் கடிகாரமாக நினைத்து ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தளர்வு 'டொக்' என்று கையில் தட்டும். பன்னிரண்டு, ஆறு மணியில் பிடித்து ஆட்டும்போது தட்டினால் பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டு) அல்லது பேரிங் தளர்வு. அப்புறம் லிவர் கம்பியால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) புஷ்களை நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பின்பக்கமும் அதே வேலை. இது முடிந்த பிறகுதான் அலைன்மென்ட் மெஷினுக்கு வேலை.

டயரை வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது

அந்த மஸ்டாங்கில் வெளியே நின்று பார்த்தால் முன் டயர்கள் புதிது போலவே இருந்தன. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்தேன். உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பு. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் மாதிரி டயர் பூவின் ஒவ்வொரு கட்டையும் விரலில் இடித்தது. டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தவறாக இருந்த நாட்களில் டயர் பக்கவாட்டில் உரசி உரசி உண்டான தேய்மானம் அது. பிறகு கோணத்தைச் சரிசெய்தாலும் டயரில் விழுந்த வடிவம் போகாது. ஓரம் சரிந்து தேய்ந்த டயர் ரோட்டுப் பள்ளத்தின் சரிவில் இன்னும் ஆசையாக ஏறும்.

இந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம், கை போதும். மாதம் ஒருமுறை செய்யுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இப்படிப்பட்ட கார்கள் பல, ஆண்டில் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. பூ தேயாமலே ரப்பர் கட்டியாகிவிடும். கட்டியான டயர் நெளியாது.

ஸ்பேசரும் இன்னும் அகலமான டயரும்

இதைத்தான் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காரில் முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த நடுவில் வைக்கும் தட்டு) போட்டிருந்தார்கள். சக்கரம் ஃபெண்டரோடு சமமாக நின்றால் அழகு என்று ஒரு கடையில் சொல்லி மாட்டியது. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் சக்கரம் திரும்பும்போது ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. மேலே ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) பிடிப்பிலிருந்து கீழே பால் ஜாயிண்ட் வழியாக அந்தக் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தொடும் பட்டையின் நடுவுக்குப் பக்கத்தில் எங்கோ போய் முடியும். அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழியும் சக்கரத்தைத் திருப்பப் பயன்படும் நெம்புகோலின் நீளம் அதுதான். ஸ்பேசர் போட்டால் டயர் மட்டும் வெளியே போகிறது, கோடு அங்கேயே நிற்கிறது. இருந்த நெம்புகோல் 20 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. ஆஃப்செட் மாறி, சக்கரம் இன்னும் வெளியே நிற்கும் அலாய் வீல் போட்டாலும் இதே கதைதான்.

அலையும் காருக்குப் பிடிப்பு போதவில்லை என்று நினைத்து 275, 285 டயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நெருப்பில் நெய் ஊற்றுவது இது. முன்பக்கம் கம்பெனி அளவுக்கே திரும்பினாலே பல கார்கள் பாதி குணமாகிவிடும். டயர் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதும் ரேஸ் டிராக்குக்கு ஏற்ற விறைப்பான டயரா, ரோட்டுக்கான டயரா என்று கேளுங்கள். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் அருமையாக ஓடும் டயர், வீட்டுக்குத் திரும்பும் வழியில் உங்களைப் படுத்தி எடுக்கலாம்.

காற்றைக் கூட்டிக் குறைத்து விளையாடுவது

கார் அலைகிறது என்றதும் பம்பில் நாலு பிஎஸ்ஐ கூட்டச் சொல்கிறார்கள். கூடுதல் காற்றில் டயர் இன்னும் விறைக்கும், குழியில் இன்னும் துள்ளும். வேறு சிலர் மெத்தென்று இருக்கட்டும் என்று குறைக்கிறார்கள். அப்போது ஸ்டியரிங் மந்தமாகும், டயரின் ஓரங்கள் தேயும், வேகத்தில் டயர் சூடாகும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை வையுங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். டயர் பத்து டிகிரி செல்சியஸ் சூடேறினாலே ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடிக் காட்டும். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பச்சைக் கட்டத்தோடு திருப்தி அடைவது

பச்சை என்றால் அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். இடது சக்கரம் எல்லையின் ஒரு முனையிலும் வலது சக்கரம் மறுமுனையிலும் நின்றாலும் மெஷின் பச்சைதான் காட்டும். இடம்-வலம் வித்தியாசத்தைக் கேளுங்கள். பின்சக்கர டோவைக் கேளுங்கள். முன்சக்கரம் இரண்டும் வெளியே பார்த்து நின்றால், அதாவது டோ அவுட்டில் இருந்தால், வளைவில் சட்டென்று திரும்பும். நேர் ரோட்டில் நிம்மதி இருக்காது. அளவுக்கு மீறிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்பது) அப்படியே, டிராக்கில் வரம், கரடுமுரடான ரோட்டில் தொல்லை. கம்பெனி சொன்ன எல்லைக்குள் மிகச் சிறிய டோ இன், இடமும் வலமும் சமமாக, பெட்ரோல் டேங்க் நிரப்பி, முடிந்தால் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது: நான் அப்படித்தான் வைக்கிறேன்.

காரைத் தாழ்த்திவிட்டு ஸ்டியரிங்கைக் குறை சொல்வது

லோயரிங் ஸ்பிரிங் போட்டால் லோயர் ஆர்மும் டை ராடும் நிற்கும் கோணம் மாறிவிடும். பிறகு சக்கரம் ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போதும் டோ தானாக மாறும். நீங்கள் ஸ்டியரிங்கை அசைக்காமலே குழி அசைக்கிறது. வேலை செய்தவர் இன்னொரு தவறும் செய்திருக்கலாம். கார் லிஃப்டில் தொங்கும்போதே ஆர்ம் புஷ் போல்ட்டை முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் பாரம் வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது இதை மறக்காமல் கேளுங்கள்.

ஸ்போர்ட் மோடில் ஸ்டியரிங்கைக் கனமாக்கி ஓட்டுவது தீர்வே ஆகாது. எலக்ட்ரிக் மோட்டார் உதவி குறைந்து உங்கள் கை வலிக்கும், அவ்வளவுதான். ரோட்டின் விசை அதேதான். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஒன்பது-மூன்று மணியில் இரண்டு கையும் லேசாக, தோள் தளர்ந்து. சிறிய தாவலைத் தாவ விட்டால் அடுத்த நொடியில் அதுவே திரும்பிவிடும். ஒவ்வொன்றையும் எதிர்த்துத் திருப்பினால் அலைச்சலைப் பெருக்குவது நீங்கள்தான். லாரித் தடப் பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டால் ஒரு அடி தள்ளி, சக்கரங்கள் பள்ளத்தில் இறங்காதபடி ஓட்டுங்கள். மழை நாளில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அகல டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும். அப்போது தடம் மாறுவதற்கு முன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சுரண்டிய ரோட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தி முந்தவே கூடாது.

அந்த மஸ்டாங்குக்கு என்ன செய்தோம்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. அப்படி மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். முதல் நாள் காற்று அளவைச் சரிசெய்து, ஸ்பேசரை மட்டும் கழற்றினோம். வந்த அதே சுரண்டிய ரோட்டில், அதே அறுபதில், அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய தாவல்கள் அடங்கியிருந்தன. உள்விளிம்பின் நச்சரிப்பு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் கம்பெனி அளவிலேயே இரண்டு புது முன் டயர்கள், மூட்டுச் சோதனை, கடைசியாக டோ. மறுபடி அதே ரோடு. கோடுகள் மேல் ஏறும்போது ஸ்டியரிங் விரல்களில் லேசாக முனகியது, கார் தடத்தை விட்டு நகரவில்லை. "இது போதுமுங்க" என்றார். அந்த முனகல் அந்த டயருக்கு உரியது. அதையும் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் முயலவில்லை.