தலசீமியா உள்ள குழந்தையின் அன்றாட வாழ்வைப் பேணும் முறை

தலசீமியா மேஜர், அதாவது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உடல் போதிய அளவு உருவாக்க இயலாத கடுமையான பரம்பரை நோய், உள்ள குழந்தைக்குப் பொதுவாக இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதால், அந்த நாட்களை முன்கூட்டியே குறித்துவைத்து, தேர்வும் பிறந்தநாளும் அவற்றோடு மோதாதபடி மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். அடுத்த முறை நெருங்கும்போது ஹீமோகுளோபின் குறைந்து, குழந்தை மாடிப்படியின் பாதியிலேயே உட்கார்ந்துவிடலாம். அதைச் சோம்பல் என்று எவரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதை ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் இரத்தமும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பை உடலில் சேர்க்கிறது. அதை வெளியேற்றும் மருந்து தொடர்ந்து தவறினால் இதயமும் கல்லீரலும் நாளமில்லாச் சுரப்பிகளும் பழுதாகும். இரவெல்லாம் தோலுக்கடியில் மருந்து செலுத்தும் பம்ப் குழந்தையை வாட்டுகிறதென்றால், வாய்வழி மருந்தான டெஃபெராசிராக்ஸ் பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஊசியை எந்தக் கையில் போடுவது என்பதையாவது, இயன்றவரை, குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையிடமே நலம் கேளுங்கள். உடல், மனம், நட்பு, பள்ளி என நான்கையும் 23 கேள்விகளால் அளக்கும் பெட்ஸ்கியூஎல் (PedsQL) என்னும் வாழ்க்கைத்தரப் படிவத்தில் 5 வயதுக் குழந்தையே விடை சொல்லலாம். அவ்விடை உங்கள் கணிப்பிலிருந்து வேறுபட்டால், குழந்தை சொன்னதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.