ஏபிஎஸ்-சிபிஎன் வரலாற்றைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தின் வரலாற்றைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே தடுமாறுகிறார்கள். பிலிப்பைன்ஸின் ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று கேட்டால் 1946, 1953, 1956, 1967 என நான்கு விடைகள் கிடைக்கும். நான்குமே சரியானவைதான். ஜேம்ஸ் லிண்டன்பெர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் வானொலிக் கருவிகள் தயாரிப்பதற்காக பொலினாவ் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனை 1946 ஜூன் 13 அன்று தொடங்கினார். அந்த நிறுவனம் கைமாறி, ஆல்டோ பிராட்காஸ்டிங் சிஸ்டம் என்று பெயரும் மாறிய பிறகு, பிலிப்பைன்ஸின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953 அக்டோபர் 23 அன்று நடந்தது. லோபஸ் குடும்பம் தன் வானொலி நிறுவனமான கிரானிக்கிள் பிராட்காஸ்டிங் நெட்வொர்க்கைத் தனியாகத் தொடங்கியது 1956-இல். இரண்டு பெயர்களும் சேர்ந்து ஒரே நிறுவனப் பெயரானது 1967 பிப்ரவரி 1-இல். இவற்றுள் ஒன்றை மட்டும் பொறுக்கி "தொடக்கம்" என்று எழுதிவிட்டால், அடுத்துவரும் பத்தி ஒவ்வொன்றும் அதோடு முரண்படத் தொடங்கும்.

இதைத் தவிர்க்க நான் கையாளும் முறை எளிது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நான்கு செங்குத்துப் பத்திகளாகப் பிரித்து, நிறுவனம், சட்ட உரிமம், அலைவரிசை எண், கட்டடம் என்று தலைப்பிட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்கும் தகவல் ஒவ்வொன்றும் இவற்றுள் எதைப் பற்றியது என்று கேட்டு, அதற்குரிய பத்தியில் மட்டுமே எழுத வேண்டும். பார்வையாளருக்கு இந்த நான்கும் ஒன்றாகவே தோன்றும், ஏனெனில் வீட்டுத் திரையில் தெரிவது ஒரு சின்னமும் ஓர் எண்ணும்தான். ஆனால் ஏபிஎஸ்-சிபிஎன் வரலாற்றில் இந்த நான்கும் இருமுறை தனித்தனியாகப் பிரிந்து, வெவ்வேறு கைகளுக்குப் போயின. முதல் முறை 1972-இல், இரண்டாம் முறை 2020-இல்.

முதலில் நிறுவனப் பத்தியை நிரப்புங்கள். லிண்டன்பெர்க்குக்குத் தொலைக்காட்சி நிலையம் அமைக்க 1950-இலேயே பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதி கிடைத்திருந்தது. ஆயினும் போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கருவிகளைத் தருவிக்க இயலாமல், அவர் வானொலியோடு நின்றார். 1952-இல் அப்போதைய குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவின் தம்பி அந்தோனியோ கிரினோ நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கி, அதற்கு ஆல்டோ பிராட்காஸ்டிங் சிஸ்டம் என்று பெயரிட்டார். மனைவி அலெலியின் பெயரிலிருந்து முதல் பாதியும் டோனி என்ற தன் செல்லப் பெயரிலிருந்து அடுத்த பாதியும் சேர்ந்ததே அந்த "ஆல்டோ". இன்றைய நிறுவனப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளுக்குள் ஒரு கணவன் மனைவியின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பலரும் அதில் "ஏசியன்" என்றோ "அமெரிக்கன்" என்றோ ஒரு சொல் இருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

முதல் ஒளிபரப்பு 1953 அக்டோபர் இறுதியில் நிகழ்ந்ததற்கான காரணத்தையும் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல் இருந்தது. அண்ணனின் பரப்புரைக்குத் தொலைக்காட்சி உதவும் என்று தம்பி எண்ணினார். முதல் நாள் காட்டப்பட்டது சான் ஹுவானில் இருந்த கிரினோ இல்லத்தில் நடந்த ஒரு தோட்ட விருந்து. தேர்தலில் ரமோன் மக்சேசே வென்றார். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகச் சிலவே என்ற நிலையில், அந்தக் கணக்கு பலிக்காமல் போனதில் வியப்பில்லை.

1957-இல் யூஜெனியோ லோபஸ் ஆல்டோவை வாங்கினார். இங்கே ஒரு கதை குறுக்கே வரும்: லோபஸ் கிரினோவைக் காலை உணவுக்கு அழைத்தார் என்றும், விற்பனை ஒப்பந்தம் மேசையில் இருந்த ஒரு துடைப்புத்தாளில் எழுதப்பட்டது என்றும் நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். இதைக் கட்டுரையிலிருந்து நீக்க வேண்டியதில்லை; ஆனால் வினைமுற்றைக் கவனித்து எழுத வேண்டும். "எழுதப்பட்டது" என்று முடித்தால் அதை நீங்கள் உண்மையென்று உறுதி கூறுகிறீர்கள். "எழுதப்பட்டதாகச் சொல்லப்படுகிறது" என்று முடித்தால் அது வழிவழி வந்த கதையாகத் தன் இடத்தில் நிற்கும். தமிழில் "ஆக" என்ற அந்தச் சிறு உருபு செய்யும் வேலையை வேறு எந்த அடிக்குறிப்பாலும் செய்ய முடியாது.

அலைவரிசைப் பத்திதான் அதிகம் சறுக்கும் இடம். அதற்கு நம் மொழிவழக்கும் ஓரளவு காரணம். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களால் குறிக்கப்படும் அதிர்வெண்ணையும் சேனலையும் தமிழில் "அலைவரிசை" என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். எனவே கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: எண்ணைக் குறிக்கும்போது "சேனல் 2" என்றும், ஒளிபரப்பும் அமைப்பைக் குறிக்கும்போது "நிலையம்" என்றும், சொந்தக்காரரைக் குறிக்கும்போது "நிறுவனம்" என்றும் எழுதி, கடைசி வரி வரை மாற்றாமல் இருங்கள். ஆல்டோவின் நிலையம் சேனல் 3-இல் தொடங்கியது. லோபஸ் குடும்பம் 1958-இல் சேனல் 9-இல் இன்னொரு நிலையத்தைத் தொடங்கியது. 1969-இல் இவை முறையே சேனல் 2-க்கும் 4-க்கும் மாறின. காலியான சேனல் 9-ஐ குடியரசுத் தலைவர் மார்க்கோஸின் நெருங்கிய நண்பர் ராபர்டோ பெனெடிக்டோவின் கன்லாவோன் பிராட்காஸ்டிங் சிஸ்டம் பெற்றது. ஆகவே "மணிலாவின் சேனல் 9" என்று ஒரு பழைய குறிப்பில் கண்டால், அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் அதை லோபஸ் கணக்கிலோ பெனெடிக்டோ கணக்கிலோ சேர்த்துவிடக் கூடாது.

நிலையங்களின் அழைப்புக்குறிகள், அதாவது ஒவ்வொரு நிலையத்தையும் அடையாளம் காட்டும் எழுத்துத் தொகுதிகள், இந்த இடத்தில் பெரிதும் உதவும். பிலிப்பைன்ஸில் டிஇசட் அல்லது டிடபிள்யூ என்று தொடங்கும் குறி லூசோன் பகுதியையும், டிஒய் விசாயாஸ் பகுதியையும், டிஎக்ஸ் மிந்தனாவோ பகுதியையும் காட்டும். ஆல்டோவின் தொலைக்காட்சி நிலையம் டிஇசட்ஏகியூ. கடைசி இரண்டு எழுத்துகள் அந்தோனியோ கிரினோவின் முதலெழுத்துகள். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பு இருந்த நிலையங்கள் கேஇசட் என்று தொடங்கின. ஆகவே ஒரு குறியைப் பார்த்தே தோராயமான காலத்தையும் ஊரையும் கணித்துவிடலாம்.

1972-ஆம் ஆண்டை எழுதும்போது நாள்களைப் பிரித்தெழுதப் பழகுங்கள். குடியரசுத் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்த 1081-ஆம் எண் பிரகடனம் தாங்கியிருக்கும் நாள் செப்டம்பர் 21. ஆனால் நிலையங்களுக்குப் படையினர் வந்ததும், மக்கள் செய்தியை அறிந்ததும் செப்டம்பர் 23. நிலையம் 21-இல் மூடப்பட்டது என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. நானும் ஒருமுறை அப்படி எழுதித் திருத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு குறிப்பேட்டின் நான்கு பத்திகளும் நான்கு திசையில் போகும். நிறுவனம் காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்தது. சேனல் 2 பெனெடிக்டோவின் பனஹாவ் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷனுக்குப் போனது. அதன் சுருக்கப் பெயர் பிபிசி என்பதால், தமிழ் வாசகர் உடனே லண்டனை நினைத்துக்கொள்வார். இங்கே சுருக்கத்தைத் தவிர்த்து முழுப்பெயரையே எழுதுங்கள். சேனல் 4 அரசுத் தொலைக்காட்சியானது. கேசோன் சிட்டியின் போஹோல் அவென்யூவில் 1968-இல் திறக்கப்பட்ட பெரிய ஒளிபரப்பு வளாகத்தில், கைப்பற்றியவர்களின் நிலையங்களே இயங்கத் தொடங்கின. குடும்பத்தின் கதையை இவற்றுக்கு இணையாகத் தனியே கொண்டுபோக வேண்டும்: 1972 நவம்பரில் யூஜெனியோ லோபஸ் ஜூனியர் கைதானார், தந்தை 1975-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார், மகன் 1977-இல் செர்ஜியோ ஒஸ்மேனியாவுடன் போனிஃபாசியோ கோட்டைச் சிறையிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றார். யூஜெனியோவின் தம்பி ஃபெர்னாண்டோ லோபஸ் மார்க்கோஸிடம் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்பதை விட்டுவிட்டால், பகையின் கடுமை வாசகருக்குப் புரியாது.

மார்க்கோஸ் ஆட்சியைக் கவிழ்த்த 1986 பிப்ரவரி மக்கள் எழுச்சியின் நிகழ்வுகளைக் கட்டடப் பத்தியிலிருந்து சொன்னால் அவை தனி அழுத்தம் பெறும். பிப்ரவரி 24 காலை மார்க்கோஸ் அரசுத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார். படைத் தலைவர் ஃபேபியன் வெர் கிளர்ச்சியாளரைத் தாக்க அனுமதி கேட்பதும், மார்க்கோஸ் மறுப்பதும் திரையில் ஓடின. சற்று நேரத்தில் படம் மறைந்தது. கிளர்ச்சிப் படையினர் சேனல் 4-ஐக் கைப்பற்றிவிட்டிருந்தனர். அவர்கள் நுழைந்தது பதினான்கு ஆண்டுகளுக்கு முன் லோபஸ் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்ட அதே வளாகம். இதைச் சொல்லாமல் "அரசு நிலையம் கைப்பற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினால், நிகழ்வின் பாதி காணாமல் போகும்.

இந்த நாள்களில் ரேடியோ வெரித்தாஸின் பங்கையும் ஒரு வாக்கியத்திலாவது சேர்க்க வேண்டும். மணிலா பேராயர் கர்தினால் சின் மக்களைத் தெருவுக்கு அழைத்தது அந்த வானொலியில்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிற்றலை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெரித்தாஸ் என்ற பெயர் அதன் ஆசியப் பிரிவின் தமிழ் ஒலிபரப்பால் நன்கு அறிமுகம். அந்த நினைவைத் தொட்டுவிட்டு, மீண்டும் பொருளுக்குத் திரும்பிவிடுங்கள். ஏபிஎஸ்-சிபிஎன் அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று சேனல் 2-இல் மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. சேனல் 4 அரசிடமே நின்றது, இன்றும் நிற்கிறது. அடுத்த முப்பது ஆண்டுகளின் வணிக வெற்றியை, 1987-இல் தொடங்கிய "டிவி பேட்ரோல்" செய்தி, 1994-இல் வெளிநாட்டு ஃபிலிப்பினோக்களுக்காகத் தொடங்கிய சேனல் என இரண்டு மூன்று வரிகளில் கடந்துவிடலாம். நட்சத்திரப் பட்டியலும் தொடர்களின் பட்டியலும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

உரிமப் பத்தியை நிரப்பும்போது சட்டத்தின் மூலத்தையே படியுங்கள். பிலிப்பைன்ஸில் 1931-ஆம் ஆண்டின் வானொலிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து ஒளிபரப்புக்குச் சட்டமன்றத்தின் உரிமம் தேவை. அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் சட்டமாகவே இயற்றப்படுகிறது. தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் கொடுப்பது அதற்கு அடுத்த படியிலுள்ள நிர்வாக அனுமதி. தமிழில் இரண்டையும் "உரிமம்" என்று எழுதினால் 2020-இல் என்ன நடந்தது என்பதே விளங்காது. ஆகவே முதலாவதை "உரிமச் சட்டம்" என்றும் இரண்டாவதை "அனுமதி" என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஏபிஎஸ்-சிபிஎன்னின் 7966-ஆம் எண் குடியரசுச் சட்டம் 1995 மார்ச் 30-இல் ஒப்புதல் பெற்றது. காலம் 25 ஆண்டுகள். விரல்விட்டுக் கூட்டினால் 2020 மார்ச் 30 வரும். ஆனால் உரிமம் முடிந்தது மே 4-இல், ஏனெனில் சட்டம் செய்தித்தாள்களில் வெளியான பின் குறிப்பிட்ட நாள்கள் கழித்தே நடைமுறைக்கு வந்தது. கணக்கு இடிக்கும் இடத்தில் சட்டத்தின் கடைசிப் பிரிவைப் படித்தால் பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

மே 5 அன்று ஆணையம் நிறுத்த ஆணை பிறப்பித்தது. அன்று இரவு 7.52-க்குச் சேனல் 2 நின்றது. ஜூலை 10 அன்று புதிய உரிமத்துக்கான மசோதாக்களை நிராகரிக்க 70 பேரும் எதிராக 11 பேரும் வாக்களித்தனர். வாக்களித்தது பிரதிநிதிகள் அவையின் உரிமக் குழு. "நாடாளுமன்றம் வாக்களித்தது" என்று எழுதிவிடாதீர்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ரொட்ரிகோ துதெர்த்தே நிறுவனத்தின்மீது வெளிப்படையாகக் காட்டிய பகையையும், அரசமைப்பு தடைசெய்யும் வெளிநாட்டு முதலீட்டை நிறுவனம் ஏற்றது என்று எதிர்த்தரப்பு வைத்த வாதத்தையும் கட்டுரையின் ஒரே பத்தியில் அருகருகே வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது வரலாறாக இராது, வழக்குரையாகிவிடும். நிறுவனத்தின் பழைய பங்காளியான மணிலா கிரானிக்கிள் இதழின் செய்திகளைப் பயன்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அது லோபஸ் குடும்பத்தின் சொந்தப் பத்திரிகை.

அதன் பிறகும் நான்கு பத்திகளும் தனித்தனியாகவே ஓடுகின்றன. நிறுவனம் 2020 ஜூன் 13 அன்று, அதாவது லிண்டன்பெர்க் தொடங்கிய அதே தேதியில், கேபிள் வழியே கபமில்யா சேனலைத் தொடங்கியது. அக்டோபரில் சோயி என்ற வேறொரு ஒளிபரப்பு நிறுவனத்தின் சேனல் 11-இல் நிகழ்ச்சிகளைத் தரத் தொடங்கியது. சேனல் 2 செல்வாக்குள்ள தொழில், அரசியல் குடும்பமான வில்யார் குடும்பத்துடன் தொடர்புடைய நிறுவனத்துக்கு 2022-இல் ஒதுக்கப்பட்டு, ஆல் டிவி ஆனது. 2024 மே மாதம் அதே ஆல் டிவியில் ஏபிஎஸ்-சிபிஎன் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகத் தொடங்கின. இந்த வாக்கியத்தை "சேனல் 2 ஏபிஎஸ்-சிபிஎன்னுக்குத் திரும்பியது" என்று சுருக்கத் தோன்றும், சுருக்கக் கூடாது. திரும்பியது நிகழ்ச்சிகள் மட்டுமே. கட்டடப் பத்தியில் கடைசிக் குறிப்பு 2025-இல் வருகிறது: கேசோன் சிட்டி வளாகத்தின் பெரும்பகுதியை அயலா லேண்ட் என்ற மனை வணிக நிறுவனத்துக்கு விற்கப்போவதாக ஏபிஎஸ்-சிபிஎன் அறிவித்தது.

எழுதி முடித்தபின் இரண்டு முறை மெய்ப்புப் பாருங்கள். முதல் முறை "ஒலிபரப்பு", "ஒளிபரப்பு" என்ற இரு சொற்களை மட்டும் தேடுங்கள். ஓரெழுத்து மாறினால் 1956-இன் வானொலி நிறுவனம் இரண்டு ஆண்டு முன்னதாகவே தொலைக்காட்சியாகிவிடும். இரண்டாம் முறை பெயர்களைப் பாருங்கள். ஸ்பானிய வழிப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலிபெயர்த்தால் கிரினோ "குய்ரினோ" ஆவார், கேசோன் "குவெசான்" ஆகும். உள்ளூர் உச்சரிப்பில் யூஜெனியோ என்பது "யுஹெனியோ"வுக்கு நெருக்கமானது. எனினும் தமிழ் இதழ்களில் பழகிய வடிவத்தையே வைத்துக்கொண்டு, ஒரே நபரை இரு வடிவங்களில் எழுதாமல் இருந்தால் போதும்.

முதல் வாக்கியத்தைக் கடைசியில் எழுதுங்கள். நான் எழுதினால் அது இப்படி இருக்கும்: "1946-இல் பொலினாவ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1953-இல் பிலிப்பைன்ஸின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பை நடத்தி, 1967 முதல் இன்றைய பெயரைத் தாங்கிவரும் ஏபிஎஸ்-சிபிஎன், 2020 மே வரை சேனல் 2-இல் ஒளிபரப்பிவந்த லோபஸ் குடும்ப நிறுவனமாகும், அதன் ஒளிபரப்பு 1972 முதல் 1986 வரை தடைபட்டிருந்தது."