பழைய டிரம்மில் மழைநீர் வடிகட்டி: முதல் தண்ணீரைக் கழிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் மாடிக் குழாய் நேராக ஜல்லி நிரப்பிய குழியில் போய் முடியும். நிலத்தடி நீருக்கு அது நல்லதுதான். ஆனால் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டே, மாடியில் விழுவது மொத்தத்தையும் குழிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. துணி துவைக்க, செடிக்கு, கழிப்பறைக்கு என்று சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) சேர்த்துக்கொள்ளத்தான் இந்த அமைப்பு. குடிப்பதற்கு இல்லை. போர் தண்ணீரில் நுரைக்காத சோப்பு இதில் எப்படி நுரைக்கிறது என்று பாருங்கள், அப்புறம் விடமாட்டீர்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 560 லிட்டர். தரை குடிப்பது, தெறிப்பது எல்லாம் போக 450 லிட்டராவது கைக்கு வரும்.

வாங்க வேண்டியவை: 200 லிட்டர் நீல டிரம், வாய் அகன்ற 50 லிட்டர் கேன், 4 அங்குல பிவிசி குழாய், ஒரு ‘டி’ (மூன்று வாய் உள்ள இணைப்பு), இரண்டு மூன்று எல்போ (வளைவு இணைப்பு), 2 அங்குல டேங்க் நிப்பிள் (தொட்டித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), சால்வெண்ட் (பிவிசி ஒட்டும் பசை), நைலான் கொசுவலை. டிரம்மைப் பழைய கடையில் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆசிட், பூச்சிமருந்து வந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜூஸ், குளுக்கோஸ் வந்தது கிடைக்கும், முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

டிரம்மை ஹாலோ பிளாக் மேல் ஏற்றி, அடிப்பக்கத்தில் துளை போட்டு நிப்பிளை மாட்டுங்கள்; வடிகட்டிய தண்ணீர் இதன் வழியாகத்தான் சம்புக்குப் போகும். ரப்பர் வாஷர் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி, பிறகு மணல், எல்லாவற்றுக்கும் மேலே கூழாங்கல். கூழாங்கல் இல்லாவிட்டால் மேலிருந்து விழும் தண்ணீர் மணலில் பள்ளம் பறித்துவிடும். ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் கொசுவலை. மணலைக் கலங்கல் போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். எம்-சாண்டில் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) தூள் அதிகம், அலசி மாளாது. பழைய ஆற்றுமணல் கொஞ்சம் கிடைத்தால் அதுவே மேல். கரி போடச் சொல்வார்கள். துவைக்கிற தண்ணீருக்குக் கரி எதற்கு? நான் போடவில்லை.

இனிதான் விஷயமே இருக்கிறது. முதல் மழையில் வருவது தண்ணீர் இல்லை, டீ. புறா எச்சம், தூசி, சருகு எல்லாம் கரைந்து வரும். அதை டிரம்முக்குள் விட்டால் மணல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் 1 மி.மீ. மழையைத் தனியே கழிக்க வேண்டும். நம் கணக்கில் அது ஏறக்குறைய 56 லிட்டர். குழாயிலேயே பிடிக்கலாம் என்று சிலர் செங்குத்தாக ஒரு குழாயை விட்டு மூடி போட்டுவிடுகிறார்கள். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் கொள்ளும். ஆறரை மீட்டர் குழாய்க்கு எங்கே போவது? அதனால்தான் கேன்.

மாடிக் குழாய் இறங்கும் வழியில், டிரம்மின் வாய்க்குச் சற்று மேலே ‘டி’யை வையுங்கள். அதன் பக்கவாட்டு வாய் டிரம்முக்கு, கீழ்வாய் தரையில் இருக்கும் கேனுக்கு. முதல் தண்ணீர் நேராகக் கேனில் விழும். கேன் நிறைந்ததும் தண்ணீர் குழாயில் மேலேறி, பக்கவாட்டில் டிரம்முக்குத் திரும்பும். ‘டி’ உயரமாக இருந்தால் கேன் மூடியில் அழுத்தம் கூடி ஒழுகும். அதனால் தாழ்வாகவே இருக்கட்டும். குழாய் கேனுக்குள் நுழையும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுங்கள். கடையில் விற்கும் சிலிகானைவிட இதையே நம்புவேன், கழற்றி மாட்டலாம்.

என்னை அதிகம் படுத்தியது கேனைக் காலி செய்யும் வேலை. அடுத்த மழைக்குள் கேன் காலியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த அழுக்கு நேராக டிரம்முக்குப் போகும். தினமும் போய்க் குழாய் திறப்பது நடக்கிற காரியமில்லை. ராத்திரி மூன்று மணிக்குப் பெய்யும் ஐப்பசி மழைக்கு யார் எழுந்து போவது? 2 மி.மீ. அளவில் ஒரு சொட்டுத் துளை போதும், சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். ஆனால் துளையை அடியிலேயே போட்டால் படியும் சேறு அடைத்துவிடும். இரண்டு அங்குலம் மேலே, பக்கவாட்டில் போடுங்கள். அடியில் தேங்கும் மிச்சத்துக்குத் தனியாக ஒரு சின்ன பைப். அதை வாரம் ஒருமுறை திறந்து சேற்றோடு வடித்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாடியில் குழாய் வாய்க்கும் வலை கட்டுங்கள்.

கடைசி வேலை, டிரம்மின் மேல்விளிம்புக்குக் கீழே 4 அங்குலத்தில் ஒரு உபரி வாய். ஒரு மணிக்கு 50 மி.மீ. என்று கொட்டினால் நிமிடத்துக்கு 47 லிட்டர் வரும். மணல் அவ்வளவையும் விடாது. மிஞ்சுவதை அந்தப் பழைய ஜல்லிக் குழிக்கே திருப்பிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கேனில் பச்சைப் பாசி பிடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெள்ளைக் கேன் என்றால் வெயில் உள்ளே போகும்; கறுப்பு பெயின்ட் அடியுங்கள், அல்லது சாக்கு சுற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இது சரிவருமா என்றும் கேட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சம்பில் சேர்க்க வேண்டாம், குழிக்கே விடுங்கள். மாடி பெரிது என்றால் 50 லிட்டர் கேன் ஒன்று போதாது, பக்கத்தில் இன்னொன்றை வைத்து அடியில் குழாயால் இணையுங்கள். அதன் மூடியில் காற்று போக மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, ‘டி’க்கு மேலே வரை ஏற்றிவிட வேண்டும். காற்றுக்கு வழி இல்லையென்றால் இரண்டாவது கேன் நிறையாது.